"எம் புள்ள ஒண்ணும் பண்ணல மேடம்": கோர்ட் வராண்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினான்கு வருடமாக எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். வராண்டாவில் நிறுத்திக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள், மனைவிகள், அக்காக்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஹியரிங்குக்கு ஓடுகிற அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து முழுதாக எழுதியிருக்கிறேன். அதோடு, கோர்ட் பக்கமே வராதவர்கள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கோபமாகக் கேட்கும் கேள்விகளும் இருக்கின்றன. அந்தக் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு.

ஒரு சின்னக் குறிப்பு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பி.என்.எஸ், பி.என்.எஸ்.எஸ், பி.எஸ்.ஏ என்று புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறிவிட்டதால் பழைய எண்ணை வைத்துக் குழம்ப வேண்டாம். கீழே சொல்லும் உரிமைகளில் பெரும்பாலானவை முன்பிருந்தே இருப்பவைதான்.

எம் புள்ள ஒண்ணும் பண்ணல. அப்புறம் எதுக்கு உள்ள வெச்சிருக்காங்க?

இதை இதே வார்த்தைகளில் என்னிடம் கேட்டவர் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா. காலை வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக எழும்பூர் கோர்ட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ், பையனுக்கு ஒரு சட்டை, ஒரு பன் பாக்கெட். பையனுக்குப் பத்தொன்பது வயது, வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். செல்போன் பறிப்பு வழக்கு. பறித்தவன் ஓட்டிவந்த வண்டியின் நிறமும் இவன் வண்டியின் நிறமும் ஒன்று என்று ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிப் போயிருந்தார்கள்.

ரிமாண்ட், அதாவது விசாரணைக்காகக் காவலில் வைப்பது, தண்டனை கிடையாது. ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட் அந்த நேரத்தில் "இவன் செய்தானா" என்று முடிவு செய்வதில்லை. இவனை வெளியே விட்டால் ஓடிவிடுவானா, சாட்சியை மிரட்டுவானா, ஆதாரத்தை அழிப்பானா, விசாரணைக்கு இவன் உள்ளே இருப்பது அவசியமா என்றுதான் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது வழக்கமாக நடக்கிற காரியமாக இருக்கக் கூடாது, எதற்காகக் கைது என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், அதை மாஜிஸ்திரேட் படித்துப் பார்க்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது தேவைப்படாத இடத்தில் நோட்டீஸ் கொடுத்து வரவழைத்தால் போதும்.

நடப்பது என்ன? ஒரு காலை நேரத்தில் ஒரு கோர்ட்டில் வரிசையாகப் பத்து ரிமாண்ட் வந்தால், ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடம்தான். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு மேல். சென்ட்ரல் ஸ்டேஷன் அருகில் இருந்த பழைய சிறையை விட்டு 2006-இல் புழலுக்குப் போனபோது தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்டினார்கள். சட்டப்படி விசாரணைக் கைதி ஒவ்வொருவரும் நிரபராதி என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "பூட்டு ஒண்ணுதானே மேடம்" என்றார்.

பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் ஒருவருக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். "விசாரணைக்குத்தான் கூட்டிட்டு வந்தோம், கைது பண்ணல" என்று இரண்டு நாள் உட்கார வைத்தால், கூட்டிப் போன நேரத்தை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். கமிஷனர் அலுவலகத்துக்கு ஒரு தந்தி அனுப்புவார்கள் அந்தக் காலத்தில். இப்போது மின்னஞ்சல் அனுப்பினால் போதும். நேரம் பதிவாகிவிடும், பின்னால் அது பேசும்.

கைதானவரை டாக்டர் பரிசோதிக்க வேண்டும், அந்த அறிக்கையின் நகல் அவருக்கே கிடைக்க வேண்டும். எல்லா போலீஸ் ஸ்டேஷனிலும் சிசிடிவி வைத்து, பதிவைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அடி விழுந்தது என்றால் அந்தப் பதிவை எடுத்துவைக்கச் சொல்லி உடனே மனு போடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதை நான் கெஞ்சியே சொல்கிறேன். மாஜிஸ்திரேட் "போலீஸ் அடிச்சாங்களா? ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். எத்தனையோ முறை அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பையன் தலையைத் திருப்பி, ஒரு அடி தள்ளி நிற்கும் போலீஸ்காரரைப் பார்ப்பான். பிறகு "இல்லீங்க ஐயா" என்பான். அன்றைக்கு அந்த "இல்லீங்க" ரிமாண்ட் பேப்பரில் ஏறிவிட்டால், அதை இறக்குவதற்குள் எங்களுக்கு வருடங்கள் போய்விடுகின்றன. அடித்தார்கள் என்றால் அந்த ஒரு நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வழக்கறிஞர் தர வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. போனில் என்றால் 15100. ரிமாண்ட் நேரத்திலேயே மாஜிஸ்திரேட்டிடம் கேட்டாலும் போதும்.

ஸ்டேஷனில் "நான்தான் செஞ்சேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டான். எல்லாம் முடிஞ்சுபோச்சா?

முடியவில்லை. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே இருந்த விதி இது, புதிய சட்டத்திலும் தொடர்கிறது. தன் போலீஸ் எப்படி வாக்குமூலம் வாங்கும் என்பது அன்றைய ஆட்சிக்கே தெரிந்திருந்தது. மாஜிஸ்திரேட் முன்னால், "நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும்" என்று எச்சரித்த பிறகு, தானாகச் சொன்னால்தான் அது ஒப்புதல்.

ஒரு ஓட்டை உண்டு. அவன் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியத்துக்குள் வரும். அதனால்தான் ஏறக்குறைய எல்லா வழக்குக் கட்டிலும் "எதிரி அடையாளம் காட்டியதன் பேரில்" (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்) ஒரு கத்தி, ஒரு செல்போன், முட்புதர், பாலத்தடி என்று வரும். கண்டெடுத்தபோது கூட இருந்ததாகக் கையெழுத்துப் போட்ட சாட்சி யார், எங்கே குடியிருக்கிறார், இதற்கு முன் எத்தனை வழக்கில் இதே ஸ்டேஷனுக்குச் சாட்சியாக வந்திருக்கிறார் என்று பாருங்கள். தண்ணீர் கேன் பையன் வழக்கிலும் ஒரு போன் கண்டெடுக்கப்பட்டது. அதன் ஐ.எம்.இ.ஐ எண்ணுக்கும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பறிபோன போனின் எண்ணுக்கும் கடைசி இலக்கங்கள் ஒத்துப்போகவில்லை. அதை யாரும் சரிபார்த்திருக்கவில்லை.

போலீஸ் வாங்கும் ஒப்புதலை ஏற்கலாம் என்று ஒரு காலத்தில் விதிவிலக்கு கொடுத்தோம். தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். அதன் விலை என்ன என்பது தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டின் மையம். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விட்டுவிட்டு நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. தடா குற்றங்கள் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலம் மட்டும் சாட்சியமாக நின்றது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013-இல், அந்தப் பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் வெளியே வந்தது 2022 மே 18. அதுவும் குற்றமற்றவர் என்ற தீர்ப்பால் அல்ல. தண்டனைக் குறைப்பு மனுவில் ஏற்பட்ட தாமதத்தைக் காரணம் காட்டி, உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. எழுதாமல் விட்ட ஒரு வரிக்கும் 31 வருடத்துக்கும் நடுவில் யாரும் புகுந்து கேட்க வழி இல்லாமல் போனதே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் வராது.

ரவுடின்னா கை காலை உடைச்சாத்தானே அடங்குவான்? மாவுக்கட்டு போட்டதுல என்ன தப்பு?

செய்தியில் பார்த்திருப்பீர்கள். "தப்பி ஓடும்போது தவறி விழுந்தார்", "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று ஒரு வரி. கீழே வலது கையில் மாவுக்கட்டோடு ஒரு பையன் கும்பிடும் படம். அதற்கு ஆயிரம் பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். போடுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. செயின் பறிப்பில் கழுத்து அறுந்த பெண்ணின் அண்ணன் தம்பிகளாகக்கூட இருக்கலாம். கோர்ட் தண்டிக்க ஐந்து வருடம் ஆகும், இதாவது உடனே கிடைத்ததே என்ற நினைப்பு.

ஒரு நிமிடம் அந்தத் தண்ணீர் கேன் பையனை நினைத்துப் பாருங்கள். ஒரு கேன் இருபது லிட்டர். தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று மூன்று மாடி ஏறுவான். ஸ்டேஷனிலிருந்து வந்தபோது அவன் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. எலும்பு உடையவில்லை, அது அவனுடைய அதிர்ஷ்டம். உடைந்திருந்தால் மூன்று வருடம் கழித்து வந்த விடுதலைத் தீர்ப்பு அந்தக் கையை ஒட்டவைத்திருக்காது. அடிக்கிற தடிக்கு யார் குற்றவாளி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அந்தப் படத்தால் வேறொரு கேடும் வருகிறது. பாதிக்கப்பட்டவர் பறித்தவனை அடையாளம் காட்ட வேண்டுமானால், ஒரே மாதிரித் தோற்றமுள்ள பலரை நிற்கவைத்து, அதில் காட்டச் சொல்வது முறை. அடையாள அணிவகுப்பு என்பார்கள். முகம் முன்பே டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். பிடிபட்டவரின் முகத்தைத் துணியால் மூடிக் கூட்டிவருவது அவர் மானத்தைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கைக் காப்பாற்றவும்தான். எங்கள் வழக்கில் போனைப் பறிகொடுத்த பெண் மிக நேர்மையானவர். குறுக்கு விசாரணையில் நான் கேட்டதும், "ஸ்டேஷன்ல அவங்க போன்ல இவர் போட்டோவைக் காட்டி இவன்தானேன்னு கேட்டாங்க, ஆமான்னேன்" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதோடு அடையாளம் காட்டியது உடைந்துபோனது. உண்மையில் பறித்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது. அவருக்குப் போனும் கிடைக்கவில்லை, நியாயமும் கிடைக்கவில்லை. குறுக்குவழி இரண்டு பேரையும் சேர்த்தே ஏமாற்றியது.

என்கவுன்டருக்கும் இதே பதில்தான். ஒவ்வொரு என்கவுன்டர் சாவுக்கும் எஃப்.ஐ.ஆர், சுயேச்சையான புலனாய்வு, மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம் என்று 2014-இல், பி.யூ.சி.எல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்திருக்கிறது.

ஜாமீன் கிடைச்சு பத்து நாள் ஆச்சு. இன்னும் வெளிய வரலயே?

ஜாமீன் உத்தரவு ஒன்று, ஜாமீன் கொடுப்பது இன்னொன்று. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், போட்டோ, இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது பாஸ்புக் நகல். இதுதான் இங்கே வழக்கமான நிபந்தனை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொத்து வரி ரசீதோடு ஜாமீன் நிற்க யார் வருவார்கள்? அந்த மீன்கார அம்மா தன் அண்ணனைக் கூட்டிவர மூன்று நாள், இரண்டாவது ஆளைப் பிடிக்க எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் பையன் ஜாமீன் கிடைத்த கைதியாகப் புழலில் இருந்தான். வாரத்தில் ஒரு நாள் மனு போட்டு அவனைப் பார்க்கப் போகும் அம்மாவிடம், "இன்னும் எத்தனை நாள்மா" என்று மட்டும்தான் கேட்பானாம்.

இதற்கு வழி இருக்கிறது. 1978-லேயே மோதிராம் என்ற கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டதை உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் பிணையில், விடச் சொன்னார். ஜாமீன் கிடைத்து ஒரு வாரத்தில் வெளியே வராதவர் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆனால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால், ஒரு வாரத்தில் ஜாமீன்தாரர் தர முடியாதவரை ஏழை என்றே எடுத்துக்கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நிபந்தனையைக் குறைக்கச் சொல்லி மனு போடுங்கள். கூச்சப்படாதீர்கள்.

தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று வரும் நிபந்தனையும் அப்படித்தான். கூலி வேலைக்குப் போகிறவருக்கு 10.30 என்பது ஒரு நாள் சம்பளம். சில வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, தளர்த்தச் சொல்லி மனு போட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

இன்னொரு கணக்கையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து 60 நாளில் குற்றப்பத்திரிகை வர வேண்டும். தூக்கு, ஆயுள், அல்லது பத்து ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள். வரவில்லை என்றால் ஜாமீன் உங்கள் உரிமை. ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினால் உரிமை போயிற்று. முதல் முறை வழக்கில் சிக்கியவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்பது புதிய சட்டத்தில் வந்திருக்கும் நல்ல விஷயம். தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் ஒன்றுக்கு மேல் வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது.

குண்டாஸ் போட்டுட்டாங்க. அப்படின்னா?

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தடுப்புக் காவல் சட்டம் அது. சென்னையில் கமிஷனர் உத்தரவு போட்டால் ஓராண்டு வரை உள்ளே. குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை, இனிமேல் செய்வார் என்ற கணிப்பே போதும். இந்த உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்தின் முன்னால் வழக்கறிஞர் வாதாடவும் முடியாது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். உங்கள் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகலில் எழுத்தே தெரியவில்லை, மொழிபெயர்ப்பு தரவில்லை என்ற காரணங்களால் ஏராளமான உத்தரவுகள் ரத்தாகின்றன. அதற்குள் பல மாதம் போயிருக்கும். வழக்குப் போட்டு நிரூபிக்கத் தெம்பில்லாத இடத்திலெல்லாம் இந்தச் சட்டத்தை எடுப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

தெரியாம நடந்ததும் குற்றமா?

உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. கன்றைத் தேர்க்காலில் கொன்றதற்காக மகனையே தேர்க்காலில் இட்ட அரசன். அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் அந்த இளவரசனுக்கு ஒரு வக்கீல் இருந்திருக்கலாமே என்று தோன்றும். கன்று திடீரென்று குறுக்கே ஓடியது. அவன் வேண்டுமென்று ஏற்றவில்லை. இன்றைய சட்டம் மனதைப் பார்க்கும். வேண்டுமென்று செய்ததற்கு ஒரு தண்டனை, அஜாக்கிரதைக்கு அதைவிடக் குறைவு, தவிர்க்கவே முடியாத விபத்துக்குத் தண்டனையே இல்லை. பசுவின் துயரம் உண்மைதான். அதற்காக எல்லாச் சாவும் கொலையாகிவிடாது.

"சந்தேகத்தின் பலன்"னு சொல்லிக் குற்றவாளியை விட்டுடறாங்களே. இது நியாயமா?

நூறு குற்றவாளி தப்பித்தாலும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது என்று நம் ஊரில் சொல்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதிய எண்ணிக்கை பத்து. நாம் தாராளமாகக் கூட்டியிருக்கிறோம். சாட்சியங்களிலிருந்து இரண்டு விதமாக முடிவெடுக்க முடிந்தால், எதிரிக்குச் சாதகமானதைத்தான் எடுக்க வேண்டும் என்று 1973-இல் காலி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நிரூபிக்கப்பட்டு, இவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும் என்றது 1984-இல் வந்த சரத் சார்தா தீர்ப்பு.

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கும். 2017-இல் சென்னைப் புறநகரில் ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கின் முன்னால் நின்று சொல்வது கஷ்டம். 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது, அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த இளைஞரை விடுதலை செய்தது. அன்றைக்கு என் வீட்டிலேயே சண்டை. "உங்க கோர்ட்டுக்கு மனசே இல்லையா" என்று அக்கா அழுதுகொண்டே கேட்டாள். அவளுக்கும் அதே வயதில் பேத்தி இருக்கிறாள்.

தீர்ப்பில் இருந்ததை அவளிடம் சொன்னேன். சிசிடிவி பதிவு முறைப்படி நிரூபிக்கப்படவில்லை. எதிரி சொல்லி எடுத்ததாகக் காட்டிய பொருட்கள் மீது நம்பிக்கை வரவில்லை. தடயவியல் அறிக்கையின் சங்கிலி அறுந்திருந்தது. தூக்கு வரை போகக்கூடிய வழக்கில் எதிரிக்கு வக்கீல் கிடைத்ததே குற்றச்சாட்டு பதிவான பிறகுதான், அதற்குச் சில நாளிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. ஊரே கொதித்த வழக்கு, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் துடித்தோம். அந்த அவசரத்தில் விட்ட ஓட்டைகள் எட்டு வருடம் கழித்து அந்தக் குழந்தையின் பெற்றோர் தலையில் விழுந்தன. அவர்களுக்கு இனி யார் பதில் சொல்வது? அவர்தான் செய்தார் என்றால், சரியாகப் புலனாய்வு செய்திருந்தால் தண்டனை நின்றிருக்கும். அவர் செய்யவில்லை என்றால், செய்தவன் எட்டு வருடமாக வெளியே இருக்கிறான். எப்படிப் பார்த்தாலும் கோபப்பட வேண்டிய இடம் சந்தேகத்தின் பலன் என்ற விதி இல்லை. அக்கா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

இப்படிப்பட்டவங்களுக்கெல்லாம் எப்படி வாதாடறீங்க? மனசாட்சி உறுத்தாதா?

2018 ஜூலையில் சென்னையில் ஒரு சிறுமியைப் பல மாதம் வன்கொடுமை செய்ததாக 17 பேர் கைதானார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கறிஞர்கள் அவர்களை அடித்தார்கள். அவர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்றும் பேச்சு எழுந்தது. 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது 15 பேர் குற்றவாளிகள். ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார். ஒருவர் விடுதலை. அடி விழுந்த நாளில் அந்த ஒருவர் யார் என்று யாருக்காவது தெரியுமா? அந்த 15 பேரின் தண்டனைக்கு வலு எங்கிருந்து வருகிறது என்றால், அவர்களுக்கும் வக்கீல் இருந்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, அதையும் தாண்டிக் குற்றம் நிரூபணமானதிலிருந்துதான்.

இன்னாருக்கு ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கங்கள் போடும் தீர்மானம் செல்லாது என்று 2010-இல் முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான்.

உறுத்துமா என்று கேட்டால், சில ராத்திரி உறுத்தும். அடுத்த நாள் காலை அதே வேலைக்குப் போகிறேன்.

பாதிக்கப்பட்டவங்களுக்கு என்ன இருக்கு?

இருப்பது போதாது, ஆனால் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அரசு வழக்கறிஞருக்கு உதவியாக உங்கள் வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ளலாம். விடுதலையானால் நீங்களே மேல்முறையீடு செய்யலாம். இழப்பீட்டுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைத்தான் அணுக வேண்டும்.

விடுதலை ஆயிட்டான். இனிமே பிரச்சினை இல்லைதானே?

இருக்கிறது. இஸ்ரோவின் நம்பி நாராயணன் உளவு வழக்கில் 1994-இல் கைதாகி ஐம்பது நாள் சிறையில் இருந்தார். அந்த வழக்கே பொய் என்று ஆன பிறகும், உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது 2018-இல்தான். அவர் விஞ்ஞானி, விடாமல் போராட முடிந்தது. தவறாக வழக்குப் போடப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டம் வேண்டும் என்று அதே ஆண்டு சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தால், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைத் தமிழ்நாட்டு விதி இன்னும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே பார்க்கிறது. அதனால் தீர்ப்பில் எந்த வார்த்தையில் விடுதலை என்று எழுதியிருக்கிறது என்பது முக்கியம். வாதத்தின் கடைசி நாளில் அதையும் கேட்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். இணையத்தில் பெயரைத் தேடினால் பழைய தீர்ப்பு வருவது இன்னொரு தொல்லை. விடுதலையானவரின் பெயரை மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

விடுதலை ஆனதும் முதல் வேலையாகத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். தண்ணீர் கேன் பையனைக் காப்பாற்றியது ஓர் அடுக்ககத்தின் செக்யூரிட்டி நோட்டு. போன் பறிபோன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், ஆறு கிலோமீட்டர் தள்ளி, "வாட்டர் கேன் 2, மாலை 4.20" என்று அவன் கையெழுத்து. அங்கிருந்த சிசிடிவி பதிவு பதினைந்து நாளில் அழிந்துவிடும், நாங்கள் போனது இருபத்திரண்டாவது நாள். நோட்டு மட்டும்தான் மிஞ்சியது. இன்றும் வண்டி சீட்டுக்கு அடியில் பாலிதீன் கவரில் சுற்றி அந்தத் தீர்ப்பின் ஜெராக்ஸை வைத்திருக்கிறான். ராத்திரி வண்டிச் சோதனையில் நிறுத்தினால் ஆர்.சி புத்தகத்தோடு அதையும் சேர்த்து நீட்டுகிறானாம்.